வாழையிலை முன் சொல்லாத துணைத்தேற்றம்

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர், போன மாதம் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ப்ரோஃப், நீங்க எழுதினதுலயே பெஸ்ட் பேப்பர் எது?" மூன்று பேருக்கும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு மழுப்புவதற்கு உரிமை உண்டு. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு மனம் கேட்கவில்லை. பதில் சொல்கிறேன். ஒன்றரைப் பக்கம் உள்ள ஒரு திருத்தக் குறிப்பு. "என்னுடைய இன்ன கட்டுரையில் உள்ள இன்ன துணைத்தேற்றம் பொய்" என்று அறிவிக்கும் குறிப்பு. முப்பது வருடங்களுக்கு மேல் இயற்கணித டோப்பாலஜியிலும் உயர் கேட்டகரிகளிலும் உழன்றவள் பெருமைப்பட வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று நினைப்பீர்கள். கிடைத்தது. பேராசிரியர் பதவி கிடைத்தது, மாலை கிடைத்தது, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற மாதிரி ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. இருந்தாலும் அந்த ஒன்றரைப் பக்கம்தான்.

அதற்கு முன் என் வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. என் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது அதைப் படித்த மதிப்பீட்டாளர் அவர். நம் தொழிலில் மதிப்பீட்டாளரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அவர் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். பெரும்பாலும் ஒரே சொல்தான். பக்கம் இரண்டு, வரி ஒன்பது: ஏன்? பக்கம் நான்கு, வரி இரண்டு: ஏன்? நான் "இது தெளிவு" என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு 'ஏன்'.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோலாலம்பூரில் என் சாலாக் செலாத்தான் வீட்டில் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வீம்புக்காகவே ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். பதினேழு 'ஏன்'களில் பதினாறுக்குப் பதில் இருந்தது. ஒன்றுக்கு இல்லை. கட்டுரையின் பாதி அந்த ஒன்றின் மேல்தான் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த முகம் தெரியாத மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இனி ஒருநாளும் "தெளிவு" என்று எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எத்தனை வருடம் தாங்கியது என்பதுதான் மீதிக் கதை.

உங்களுக்குத் தெரிந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை ஆரம்பித்தவள் நான்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சைவ வாழையிலைக் கடையில் எங்கள் குழு கூடும். ஒருவர் தன் நிரூபணத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வலது கை சாம்பார் சோற்றில் இருக்கும், அதனால் எழுத முடியாது, படம் போட முடியாது. வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். பலகையில் எழுதும்போது ஓட்டையை அம்புக்குறிகளால் மூடிவிடலாம். கையில் சோறு இருக்கும்போது மூட முடியாது. ரசம் வருவதற்குள் எத்தனை நிரூபணங்கள் அந்தக் கடையில் படுத்திருக்கின்றன என்று கடைக்கார அண்ணனைக் கேளுங்கள். அவருக்கு டோப்பாலஜி தெரியாது, ஆனால் யாருடைய முகம் எப்போது வாடியது என்று தெரியும். "என்னா ப்ரோஃப், இன்னைக்கு அந்தத் தம்பிக்கு அவுட்டா?" என்று கேட்டுக்கொண்டே அப்பளம் வைப்பார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பேராசிரியர் ஆன பிறகு நான் என் முறையை எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாணவர்கள் சொல்வார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவேன். ஆரம்பத்தில் ஊரே என்னை "ஏன்" என்று கேட்டது. பெயர் வந்த பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை, சுகமாகத்தான் இருந்தது.

அந்தச் சுகமான காலத்தில் எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு சின்னத் துணைத்தேற்றம், லெம்மா என்போமே, அது. புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து அதற்கு நேர் எதிர் மூலைக்கு மூன்றே விளிம்பு வழியாகப் போக ஆறு வழிகள் இருக்கின்றன. பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு வழியை அடுத்த வழியாக மாற்றித் தருகிறது. ஆறு பக்கங்களையும் தாண்டிச் சுற்றி வந்தால் புறப்பட்ட வழிக்கே வந்து சேர்வோம். இப்படிச் சுற்றி வந்த அந்த வளையம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போக வேண்டும். போனால்தான் பெட்டியின் உள்ளே நிரப்ப முடியும். சுருங்கும், சரிபார்ப்பது எளிது என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சரிபார்க்கவில்லை. நான் அதுவரை பார்த்த எல்லா உதாரணங்களிலும் அது சுருங்கியது.

தரையில் வளையமாகக் கிடக்கும் கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் முழுதும் கைக்கு வந்துவிடும். அதே கயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் தூணைச் சுற்றிக் கிடந்தால் வராது. நான் தூணே இல்லாத ஊரில் நின்றுகொண்டு உலகத்தில் தூணே கிடையாது என்று எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு வருடம் அந்த வரியை யாரும் தொடவில்லை. தொட்டவள் என் மாணவி லோகேஸ்வரி. கிள்ளான்காரி. அப்பா லோரி ஓட்டுநர். இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, ஐந்து வாரம்தான் இருந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலையும் தயாராக இருந்தது, அந்த வருட முடிவுக்குள் பட்டம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவள் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களில் இரண்டு என் துணைத்தேற்றத்தின் மேல் நின்றன.

ஒரு திங்கட்கிழமை என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. "ப்ரோஃப், வைவாவுக்கு ஒரு எக்ஸாம்பல் ரெடி பண்ணிட்டு இருந்தேன். அதுல உங்க லெம்மா… ஒர்க் ஆகல போல" என்று உதாரணத்தை இரண்டு வரியில் சொன்னாள். அவள் நீட்டிய தாளை நான் கையில்கூட வாங்கவில்லை. "எங்கயாவது பிளஸ் மைனஸ் விட்டிருப்ப லா. போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். "சரி ப்ரோஃப்" என்று போய்விட்டாள். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் சொல்லப்போகிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உறவினர் வீட்டுக் கல்யாணம். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். மனதில் லோகாவின் முகம் வந்து வந்து போனது. அவள் சாதாரணமாக பிளஸ் மைனஸ் குறியைத் தவறவிடுகிறவள் இல்லை. தாள் எதுவும் இல்லை, கைப்பையில் அன்பளிப்பு உறை மட்டும்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஆறு வழிக்கும் ஆறு மூலை போட்டு, அவள் சொன்ன உதாரணத்தை வைத்து ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வந்தேன். சுபாங் ஜெயாவில் ஒருமுறை. ஷா ஆலாமில் மறுமுறை. கிள்ளானில் இறங்குவதற்குள் மூன்றாவது முறை. வளையம் தூணைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. பிளஸும் மைனஸும் அதனதன் இடத்தில்தான் இருந்தன. என் துணைத்தேற்றம்தான் இல்லை.

கல்யாண மண்டபத்தில் அந்த உறையை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா, என் சித்தப்பா மகள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னாக்கா இது, யந்திரத் தகடு மாதிரி இருக்கு? புள்ளைங்களுக்கு நல்லதுக்குத்தானே?"

"நல்லதுதான். ஆனா அது எனக்குப் போட்டது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னும் அந்த வடைக் கணக்குதான் போடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஓட்டை வடையும் பிடி வைத்த காபிக் கோப்பையும் டோப்பாலஜியில் ஒன்றுதான் என்று இருபது வருடத்துக்கு முன் தெரியாத்தனமாக ஒருமுறை சொல்லிவிட்டேன். குடும்பம் இன்னும் விடவில்லை.

கெட்டிமேளம் முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று லோகாவுக்குப் போன் போட்டேன்.

"லோகா, தப்பு என்னோடதுமா. உன் எக்ஸாம்பல் சரி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"இதை நீ எப்ப கண்டுபிடிச்ச?"

"உங்ககிட்ட வர்றதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி ப்ரோஃப்."

"பதினோரு நாளா? ஏன் உடனே சொல்லல?"

"அந்தப் பேப்பரை எவ்ளோ பேரு படிச்சிருக்காங்க. நீங்க எழுதினது. எங்கிட்டதான் தப்பு இருக்கும்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எட்டுத் தடவை. சோறே எறங்கல ப்ரோஃப்."

துணைத்தேற்றம் பொய்யானது வலித்தது. ஆனால் அந்தப் பதினோரு நாள் வேறு மாதிரி வலித்தது. என் மாணவி, உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, பதினோரு நாள் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள். வைவாவுக்கு ஒவ்வொரு நாளும் தங்கமாக இருந்த நேரத்தில். அந்தப் பயத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். பன்னிரண்டாவது நாள் அவள் வந்தபோதும் தாளை வாங்கிப் பார்க்காமல் அனுப்பியவளும் நான்.

மறுநாள் ஒரு சக பேராசிரியரிடம் யோசனை கேட்டேன். நல்ல மனிதர், எனக்குக் கெடுதல் நினைக்காதவர். வைவா முடியட்டும், பட்டம் கைக்கு வரட்டும், பிறகு நிதானமாகத் திருத்தக் குறிப்பு அனுப்பிக்கொள்ளலாம் என்றார். தேர்வாளர்கள் இருவரும் அந்தத் துணைத்தேற்றத்தை நம்பித் தாங்களே கட்டுரை எழுதியவர்கள், நிச்சயம் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது எல்லாம் நடைமுறைக்குச் சரி. எனக்குச் சபலம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு மதியம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படிச் செய்தால் லோகா தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதும்போதெல்லாம் அதற்கு அடியில் பொய் என்று தெரிந்த ஒரு வரி இருக்கும். அதை அவள் தலையில் ஏற்றியவள் நானாக இருப்பேன்.

ஆய்விதழுக்கும் தேர்வாளர்களுக்கும் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. லோகாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"இதை அனுப்பினா வைவா தள்ளிப்போகும். அந்த வேலை போயிடும். தெரியும்தானே ப்ரோஃப்?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட காட்டுறீங்க? அனுப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" குரல் உயர்ந்துவிட்டது. என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "உங்களுக்கு என்னா, கொஞ்சம் பேரு போகும். எனக்கு எல்லாமே போகும்லா."

"அதனாலதான் காட்டுறேன். என் தப்புக்கு நீ கஷ்டப்படப்போற. உன்னைக் கேக்காம அனுப்பினா அது என்னோட ரெண்டாவது தப்பு."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்பீர்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அது இன்னொரு "சரிபார்ப்பது எளிது" ஆகிவிடும்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். கடிதத்தை மறுபடியும் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தப் பிழை என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது" என்று எழுதியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"யாரு கொண்டுவந்தாங்கன்னு இதுல இல்லையே ப்ரோஃப்."

அவள் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டுத் தன் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து எழுதினாள். கீழே தன் உதாரணத்தையும் நான்கு வரியில் எழுதினாள். "இப்ப அனுப்புங்க" என்றாள். ஒன்றரைப் பக்கம், இரண்டு பெயர்கள். அன்று பிற்பகலே அனுப்பிவிட்டோம். சரிசெய்ய வழி இருக்கிறதா என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. முதலில் சரிசெய்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். காத்திருந்தால் சொல்லவே மாட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வாழையிலை முன் பல வருடங்களுக்குப் பிறகு என் முறையை எடுத்துக்கொண்டேன். கையில் சோற்றோடு என் துணைத்தேற்றத்தை முதலிலிருந்து வாயால் சொன்னேன். சாம்பார் தாண்டுவதற்குள் ஓட்டை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்திருக்கும். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்தார். "ப்ரோஃப், இன்னைக்கு நீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலே இரண்டு அப்பளம் வைத்தார்.

லோகாவுக்கு அந்த வேலை போய்விட்டது. அதைச் சர்க்கரை தடவிச் சொல்லமாட்டேன். கிள்ளானில் அதே பள்ளிக்குத் திரும்பி ஒன்றரை வருடம் படிவம் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமைகளில் ரயில் ஏறி வருவாள். நான் என் துணைத்தேற்றத்தை எப்படியாவது ஒட்டுப்போட்டுக் காப்பாற்றலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு திசையில் போனாள். "ப்ரோஃப், தூணை ஏன் வேணாம்னு சொல்றீங்க? எத்தனை சுத்துன்னு எண்ணுவோம்" என்றாள். எண்ணினாள். சுற்று பூஜ்யமாக இருந்தால் மட்டுமே பெட்டி நிரம்பும் என்றும், இல்லாவிட்டால் அந்த எண்ணே நாங்கள் அதுவரை ஒன்று என்று நினைத்திருந்தவற்றைப் பிரித்துக் காட்டும் என்றும் நிரூபித்தாள். என் துணைத்தேற்றம் உண்மையாக இருந்திருந்தால் இந்த அழகு எதுவும் இருந்திருக்காது. இப்போது அவள் தேற்றத்தைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். என் கட்டுரை அதற்கு முந்தைய வரியில் தவறுக்கு உதாரணமாக வருகிறது. வரட்டும்.

தள்ளிப்போய் நடந்த அந்த வைவாவில் நான் வாய் திறக்கக்கூடாது என்பது விதி, மூலையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியில் கேட்டார், உன் நெறியாளரின் துணைத்தேற்றத்தையே எடுத்துவிட்டாய், பிறகு இந்த ஆய்வேட்டில் அவருடைய பங்கு என்ன? லோகா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவர் தன் தவறை மறைக்கவில்லை, அதுதான் சார் அவர் பங்கு என்றாள். நான் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று பட்ட பெருமையை என் பதவி உயர்வு நாளில்கூட நான் படவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் சிலர் கடையில் இருந்தீர்கள், ஆனால் மேசையின் அந்தக் கோடியில் நடந்ததைக் கவனித்திருக்கமாட்டீர்கள். லோகா இப்போது டாக்டர் லோகேஸ்வரி, உங்களுக்கு மூத்த சகா. அவளிடம் ஆய்வு செய்கிற ஃபரிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"டாக்டர், உங்க புது பேப்பர்ல மூணாவது செக்‌ஷன் நிக்காது போல இருக்கு."

லோகாவின் கை இலையிலேயே நின்றது. என் கையும் நின்றது.

"எப்பமா கண்டுபிடிச்ச?" என்று நான்தான் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில ப்ரோஃப். எல்ஆர்டி ரயில்ல வர்றப்ப." ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள்.

லோகா என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "சொல்லு, முதல்லேர்ந்து சொல்லு. அவசரமே இல்ல" என்றாள்.

தப்பைச் சொல்ல என்னிடம் பதினோரு நாள் ஆனது, லோகாவிடம் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும்தான் ஆகியிருக்கிறது. நான் கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.